கேட்டால்தான் சலுகை

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் கடையில் அட்டையை நீட்டித் தள்ளுபடி கேட்கிறார். வாய் திறக்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கடைகளுக்கு முன்பே வீரனைக் கேட்க வைத்தது அரசுதான். 1818இல் வந்த ஓய்வூதியச் சட்டம், அமெரிக்க விடுதலைப் போரில் காண்டினென்டல் படை என்ற தேசியப் படையில் குறைந்தது 9 மாதமோ போர் முடியும்வரையோ பணியாற்றி, வறுமையில் வாடியவர்களுக்கு மட்டுமே உதவியது. சாதாரண வீரருக்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20. மனுக்கள் குவிந்ததும் பிடி இறுகியது. 1820 முதல், கிழவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தங்கள் சொத்துப் பட்டியலைத் தர வேண்டியிருந்தது. பசு, பானை, பழைய நாற்காலி வரை எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் பல பெயர்கள் அடிக்கப்பட்டன.

பொதுப்பணம் அல்லவா, பொய்யர்களைத் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான், பொய்யர்கள் இருந்ததும் உண்மை. ஆனால் சேவைக்குச் சான்று கேட்பது வேறு, ஏழ்மையைச் சபையில் விரித்துக்காட்டச் சொல்வது வேறு. பின்னது நன்றிக்கடனைப் பிச்சையாக்கிவிடுகிறது. 1832இல் அந்த நிபந்தனை போனது. 2 ஆண்டு பணியாற்றியவருக்கு, கேப்டனின் சம்பளத்தை மிஞ்சாமல், ஆயுள் முழுக்க முழு ஊதியம். அப்போதும் தேடிச்சென்று மனு கொடுக்கும் பாரம் முதியவர் தலையில்தான் இருந்தது. சலுகை தருபவர்களே அதை வாசலில் எழுதி வைக்கட்டும்.