வெண்குருதியணுக்களின் நுண்கட்டமைப்பு

வெண்குருதியணுக்களின் நுண்கட்டமைப்பு என்பது எதிர்மின்னி நுண்நோக்கி (இலத்திரன் நுணுக்குக்காட்டி) வழியாகக் காணப்படும் அவ்வணுக்களின் உள்ளமைப்பையும் மேற்பரப்பமைப்பையும் குறிக்கும். ஏறத்தாழ 200 நானோமீட்டரை விட நெருங்கிய இரு புள்ளிகளை ஒளி நுண்நோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது. வெண்குருதியணுக்களின் சிறுமணிகள் பல இவ்வெல்லையை ஒட்டிய அளவுடையவை.

மாதிரி அணியமாக்கல்

அணுக்கள் முதலில் குளூட்டரால்டிகைடிலும் பின்னர் ஆசுமியம் டெட்ராக்சைடிலும் நிலைப்படுத்தப்படுகின்றன. பிறகு பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படுகின்றன. எனவே காண்பது முழு அணு அன்று; அதன் ஒரு மெல்லிய தளம் மட்டுமே. நியூட்ரோஃபிலின் மடல்களுடைய ஒற்றை உட்கரு, இத்தகைய சீவலில் தனித்தனியான இரண்டு மூன்று கருக்கள் போலத் தோன்றும். புதிதாகப் படம் பார்ப்போர் எளிதில் ஏமாறும் இடம் இது.

நியூட்ரோஃபில்

இதில் இருவகைச் சிறுமணிகள் முதன்மையானவை. பெரியனவும் அடர்ந்தனவுமான முதல்நிலைச் சிறுமணிகளில் பெராக்சிடேசு நொதியம் உள்ளது. சிறியனவான இரண்டாம்நிலைச் சிறுமணிகளில் அது இல்லை. இவ்விரண்டும் ஒரே மணியின் இளமையும் முதிர்ச்சியுமா, அல்லது வெவ்வேறானவையா என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. 1966 இல் டோரதி பெயின்டன், மர்லின் ஃபார்குவார் ஆகியோர் முயலின் எலும்பு மச்சையை ஆராய்ந்து இதற்கு விடை கண்டனர். முதல்வகை, புரோமைலோசைட்டு நிலையில் கோல்கி உறுப்பின் உட்குழிந்த பக்கத்திலிருந்தும், இரண்டாம் வகை, மைலோசைட்டு நிலையில் அதன் புறங்குவிந்த பக்கத்திலிருந்தும் உருவாகின்றன. முதல்வகையின் உற்பத்தி நின்றபின் அணு பிரிவதால், அதன் எண்ணிக்கை சேயணுக்களுக்கிடையே பகிரப்பட்டுக் குறைகிறது. முதிர்ந்த அணுவில் இரண்டாம் வகை மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இயோசினோஃபில்

வெண்குருதியணுக்களுள் மிக எளிதில் அடையாளம் காணத்தக்கது இயோசினோஃபில். இதன் சிறுமணியின் நடுவே படிக அமைப்புடைய கருவகம் ஒன்று உள்ளது. அது ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு நச்சாகும் 'முதன்மைக் காரப் புரதம்' செறிந்தது. பெராக்சிடேசு அதைச் சூழ்ந்த பகுதியில் இருக்கிறது.

நிணநீர் அணுக்கள்

சிறிய நிணநீர் அணுவில் அடர்ந்த குரோமாட்டினுடன் கூடிய உட்கருவும், அதைச் சுற்றி ரைபோசோம்களும் சில இழைமணிகளும் கொண்ட குறுகிய குழியவுருவும் காணப்படும். எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாசுமா அணுவாக மாறிய பின்னரோ, சொரசொரப்பான அகக்கலவுருச் சிறுவலை அடுக்கடுக்காகக் குழியவுருவை நிரப்புகிறது.

டி அணுவையும் பி அணுவையும் தோற்றத்தால் பிரித்தறிய முடியுமா என்பது 1970களில் சூடான வினாவாக இருந்தது. பி அணுக்களின் மேற்பரப்பு நுண்ணீட்சிகள் நிறைந்தது, டி அணுக்களுடையது வழவழப்பானது என்று வருடு எதிர்மின்னி நுண்நோக்கிப் படங்களைக் கொண்டு 1973 இல் கூறப்பட்டது. ஆனால் இருவகை அணுக்களிலும் நுண்ணீட்சிகள் உண்டு என 1975 இல் வெளியான ஆய்வு காட்டியது. வழவழப்பு பெரும்பாலும் அணுக்களைச் சேகரித்து உலர்த்திய முறையால் விளைந்ததாகும். இன்று இவை மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டே பிரித்தறியப்படுகின்றன.

நோயறிதலில்

செடியாக்-இகாசி நோய்க்கூட்டறிகுறியில் சிறுமணிகள் ஒன்றோடொன்று இணைந்து மிகப் பெரியனவாகின்றன. குருதிப் புற்றுநோயின் எம்7 வகையை உறுதிசெய்ய, குருதிச் சிறுதட்டுப் பெராக்சிடேசை எதிர்மின்னி நுண்நோக்கியில் காண்பது 1985 இல் ஏற்கப்பட்ட வழிகளுள் ஒன்று. இப்போது அப்பணியைப் பெரும்பாலும் பாய்வு உயிரணு அளவியல் செய்கிறது.