மூச்சா, நாடியா: ஹைதராபாத்தின் குளோரோஃபார்ம் வழக்கு

மயக்க மருந்தால் உயிர் போகும்போது முதலில் நிற்பது மூச்சா இதயமா என்னும் உடலியங்கியல் கேள்வி, 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகம் அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்து இறந்தபோது எழுந்து, நாற்பது ஆண்டுகள் தீராமல் கிடந்து, கடைசியில் நிஜாமின் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கு மருத்துவப் பள்ளியை நடத்திவந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் தம் ஆசிரியர் சைம் கற்பித்தபடி, மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கவே வேண்டாம் என்று மாணவர்களுக்குப் போதித்தார். 1888இல் அவர் அமைத்த ஆய்வுக்குழுவின் முடிவை லண்டன் 'லான்செட்' இதழ் ஏற்கத் தயங்கவே, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் 1,000 பவுன் கொடுத்து அவ்விதழின் சார்பிலேயே ஒரு வல்லுநரை வரவழைத்தார். 1889இல் வந்த லாடர் பிரன்டன் இதயத்தின் பக்கம் நின்றவர். நாய், குரங்கு முதலிய விலங்குகளின் இரத்த அழுத்தத்தைச் சுழலும் உருளைமேல் கோடுகளாகப் பதிந்து பார்த்தபின், மூச்சே முதலில் நிற்கிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

சோதனை பொய்யன்று, ஆனால் அது பெரும்பாலும் மருந்தை மிகையாகக் கொடுத்துச் செய்யப்பட்டது. மயக்கம் ஆழமாகாத நிலையில் அட்ரீனலின், அதாவது அச்சத்திலும் வலியிலும் உடல் சுரக்கும் இயக்குநீர், இரத்தத்தில் கூடினால், இதயக் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமே நடுங்கி இரத்த ஓட்டம் சட்டென நின்றுவிடும் என்பதை 1911இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார். நகம் எடுக்க வந்த சிறுமியின் சாவு போன்றவற்றுக்கு இதுவே பொருத்தமான விளக்கமாகப் பலருக்கும் பட்டது. லாரியின் போதனையில் மூச்சைக் கவனி என்ற பாதி நிலைத்தது, நாடியை விடு என்ற பாதி உதிர்ந்தது.

இதற்கிடையே, அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய செவிலியர் ஆலிஸ் மகா, பெரும்பாலும் ஈதரைச் சொட்டுச் சொட்டாக முகமூடியில் விட்டு, நோயாளியிடம் இதமாகப் பேசி அச்சத்தைத் தணித்தபடியே மயக்கம் கொடுத்து, மயக்க மருந்தால் நேர்ந்த சாவு ஒன்றுகூட இல்லாமல் 14,000க்கும் மேற்பட்டோருக்குத் தாம் அதைக் கொடுத்ததை 1906இல் எழுதினார். ஈதர் குளோரோஃபார்மைவிட இதயத்துக்குத் தீங்கு குறைந்தது என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியாவில் மயக்கம் கொடுப்பது மருத்துவர் பொறுப்பாகவே வளர்ந்தது; அமெரிக்காவிலோ அது செவிலியருக்கும் உரிய தனித்துறையாகி, 2022 முதல் அதில் சேருவோர் முனைவர் நிலைப் படிப்பிலேயே சேர வேண்டும் என்றாகியிருக்கிறது.