கட்டியங்காரனின் தங்கச்சி

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில், சித்திரை வைகாசி மாதங்களில் ராத்திரி பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போனால் தூங்கிவிடாதீர்கள். எங்கேயாவது ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் விளக்கு எரியும். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் காதில் விழும். பாரதக் கூத்து!

கூத்தில் ராஜா சும்மா நடந்து வந்துவிட மாட்டார். முதலில் இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள். அதுதான் திரை. துணிக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். உள்ளே இருப்பவர் பாட்டிலேயே தன் பெருமையைச் சொல்வார். ஜனங்களுக்குப் பரபரப்பு ஏறிக்கொண்டே போகும். திரை விலகியதும் கோமாளித் தொப்பி போட்ட ஒருத்தர் ராஜாவையே மடக்குவார்: "யாருப்பா நீ? எந்த ஊரு? எதுக்கு இங்க வந்த?"

அவர்தான் கட்டியங்காரன். துரியோதனனையே வாரிவிடுகிற உரிமை அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. மகாபாரதத்தில் கட்டியங்காரன் எந்தப் பருவத்தில் வருகிறார்? தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். வியாசர் எழுதியதிலும் இல்லை, வில்லிபாரதத்திலும் இல்லை. ஆடுகிறவர்கள் மேடையில் தேவைப்பட்டு உண்டாக்கிக்கொண்ட ஆள். ஆனால் அவர் இல்லாமல் கூத்து ஓர் அடிகூட நகராது!

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் கொஞ்சம் அமெரிக்கா வரை போய்விட்டுத் திரும்பலாம்.

1992 செப்டம்பர் 5. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் பேட்மேன் கார்ட்டூன் தொடர் ஒன்று ஆரம்பமானது. 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'. உருவாக்கியவர்கள் புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி. கார்ட்டூனுக்குப் பின்னணி வரைகிறவர்கள் வழக்கமாக வெள்ளைக் காகிதத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ராடோம்ஸ்கி கறுப்புக் காகிதத்தை எடுத்தார். இருட்டு முதலிலேயே இருக்கிறது, வெளிச்சம் விழுகிற இடத்தை மட்டும் தீட்டினால் போதும்! காதம் நகரம் எப்போது பார்த்தாலும் நள்ளிரவு மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர் பால் டினி. முதல் வாரத்திலேயே மனுஷர் இரண்டு காரியங்கள் செய்தார்.

செப்டம்பர் 7, திங்கள்கிழமை. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற கதை. வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். இந்த ஆள் காமிக்ஸில் 1959-லேயே வந்துவிட்டார். அப்போது பெயர் மிஸ்டர் ஜீரோ. பனித் துப்பாக்கியோடு வந்து கொள்ளையடிப்பார், உதை வாங்குவார், போவார். யாருக்கும் அவர்மேல் தனி மரியாதை கிடையாது. டினி என்ன செய்தார்? அவருக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கிறவரை அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் போராடுகிற விஞ்ஞானி. பணம் வீணாகிறது என்று கம்பெனி முதலாளி வந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல, அந்தக் கலவரத்தில் விஞ்ஞானி மிஸ்டர் ஃப்ரீஸ் ஆகிறார். இருபத்திச் சொச்சம் நிமிஷ கார்ட்டூன், ஐயா! அழ வைத்துவிட்டது. எழுத்துக்கு எம்மி விருதும் வந்தது. அதற்கப்புறம் காமிக்ஸ்காரர்களே பழைய கதையை ஓரமாக வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு துணுக்குச் செய்தி: அந்தக் கல்நெஞ்சுக்கார முதலாளிக்குக் குரல் கொடுத்தவர் மார்க் ஹாமில். ஆம், 'ஸ்டார் வார்ஸ்' கதாநாயகன். பிற்பாடு இதே தொடரில் ஜோக்கரின் குரலாகி உலகப் புகழ் பெற்றவரும் அவரேதான்.

அதே வாரம், செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. 'ஜோக்கர்ஸ் ஃபேவர்'. ஜோக்கருக்கு அடியாட்கள் வேண்டும். எல்லாருமே தடியன்களாக இருந்தால் சலிப்பாக இருக்காதா? ஒரு பெண்ணைச் சேர்க்கலாம் என்று தோன்றியது டினிக்கு. அவருடைய கல்லூரித் தோழி ஆர்லீன் சார்க்கின் ஒரு டி.வி. மெகா தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கனவுக் காட்சியில் அவருக்குக் கோமாளி வேஷம். அந்தக் காட்சி டினியின் கண்ணில் பட்டது. பிடித்துக்கொண்டார்! ஐரோப்பிய நாடோடி நாடகங்களில் 'ஹார்லிக்வின்' என்று ஒரு கோமாளி உண்டு. அந்தப் பெயரையே உடைத்து 'ஹார்லி க்வின்' ஆக்கினார். புரூஸ் டிம் சிவப்பும் கறுப்புமாகக் கோமாளி உடை தைத்துக் கொடுத்தார், அதாவது வரைந்து கொடுத்தார். குரல்? வேறு யார், அதே ஆர்லீன்தான்.

திட்டம் என்ன தெரியுமா? ஒரே ஒரு கதை. கமிஷனர் கார்டனுக்கு விருந்து, அங்கே ஒரு ராட்சத கேக், கேக்குக்குள்ளே ஜோக்கர். அந்த வேலைக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண். அவ்வளவே. ஆனால் படத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அவளை அனுப்ப மனசு வரவில்லை.

இங்கேதான் வரலாறு தலைகீழாகத் திரும்புகிறது. வழக்கமாகக் காமிக்ஸில் பிறந்தவர்கள் டி.வி-க்கு வருவார்கள். ஹார்லி டி.வி-யில் பிறந்து, ஒரு வருஷம் கழித்து, 1993-ல் காமிக்ஸுக்குப் போனாள். 1994-ல் டினியும் டிம்மும் 'மேட் லவ்' என்ற காமிக்ஸில் அவளுடைய பூர்வ கதையைச் சொன்னார்கள். ஹார்லீன் க்வின்ஸெல், மனநல மருத்துவர். ஜோக்கருக்கு வைத்தியம் பார்க்கப் போனவள். அவன் சொன்ன பொய்க் கதையில் இரக்கப்பட்டு, இரக்கம் காதலாகி, தன் படிப்பு, பேர், புத்தி எல்லாவற்றையும் அவன் காலடியில் வைத்தவள். அவன் அடிக்கிறான். ஜன்னல் வழியாகத் தள்ளுகிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள், கட்டுப் போட்ட கையோடு. ஒற்றைப் பூவும் ஒரு சீட்டும் வருகிறது. உடனே மறுபடி உருகிப் போகிறாள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகமாவது வருகிறதா? வந்தால் ஆச்சரியமில்லை. நம் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். கோமாளித் தொப்பிக்குள்ளே இத்தனை நிஜத்தை மறைத்து வைத்ததால்தான் அவள் நிலைத்தாள். பின்னால் வந்த கதைகளில் ஜோக்கரை உதறிவிட்டு வெளியே வந்தாள் என்பது நல்ல செய்தி. 2016-ல் சினிமாவில் மார்கோ ராபி அவளாக நடித்தார். 2019-ல் அவள் பெயரிலேயே தனி கார்ட்டூன் தொடர் வந்தது. கேக்கோடு வந்த ஆள், கல்யாண வீட்டுக்கே சொந்தக்காரி ஆன கதை!

அதே தொடரில் இன்னொரு வேடிக்கை. ரெனீ மான்டோயா என்ற பெண் போலீஸை டி.வி-க்காகத்தான் உருவாக்கினார்கள். ஆனால் கார்ட்டூன் தயாராக நாளாகுமே! அதற்குள் காமிக்ஸ்காரர்கள் முந்திக்கொண்டு 1992 மார்ச் மாத இதழிலேயே அவரைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். தொட்டில் ஓர் இடத்தில், பிறப்புச் சான்றிதழ் வேறு இடத்தில்.

சரி, விழுப்புரத்துக்கு வருவோம். ஊருக்குச் சும்மாவா ஜங்ஷன் என்று பெயர்? சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைத் தண்டவாளம் வந்து சேர்கிற இடம். அந்த ரயில்வேயில் வேலை பார்த்தவர் சின்னையா. 1928 அக்டோபர் 1-ல் விழுப்புரத்தில் அவருக்குப் பிறந்த பிள்ளை கணேசன். சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேஷம் உட்படக் கிடைத்த வேஷமெல்லாம் கட்டிய பையன். அண்ணா எழுதிய நாடகத்தில் சிவாஜியாக நடித்தார். பார்த்த பெரியார், "இனி நீ சிவாஜி கணேசன்" என்கிற அர்த்தத்தில் பட்டம் கொடுத்தார். பாத்திரத்தின் பெயர் நடிகனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சி.கணேசன் என்று கூப்பிட்டிருந்தால் அப்புறம் அவரே திரும்பிப் பார்த்திருப்பாரோ என்னவோ!

ஒட்டிக்கொண்ட பாத்திரம் எல்லாருக்கும் வரமாக அமைவதில்லை. 1966-ல் டி.வி-யில் பேட்மேனாக நடித்தவர் ஆடம் வெஸ்ட். அந்த முகமூடியைக் கழற்றிய பிறகும் மற்றவர்கள் கண்ணுக்கு அது கழலவில்லை. வேறு வேஷம் கிடைப்பதே கஷ்டமானது. 1992 நவம்பரில் அதே அனிமேட்டட் தொடரில் ஒரு கதை. பழைய டி.வி. வீரன் 'கிரே கோஸ்ட்'. அந்த வேஷம் போட்டதாலேயே வேறு வாய்ப்பில்லாமல், வாடகை கட்டக்கூட வழியில்லாமல் கிடக்கிற முதிய நடிகர். பேட்மேன் அவரைத் தேடி வந்து, "சின்ன வயசில் நீங்கதான் என் ஹீரோ" என்கிற மாதிரி பேசுகிறான். அந்த முதியவருக்குக் குரல் கொடுக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஆடம் வெஸ்ட்டை! கடன் தீர்ப்பது என்றால் இப்படித் தீர்க்க வேண்டும்.

தீராத கடன்களும் உண்டு. பேட்மேனை உருவாக்கியவர் பாப் கேன் என்றுதான் 1939-லிருந்து உலகம் படித்துக்கொண்டிருந்தது. அந்த அங்கி, முகமூடி, கறுப்பு வண்ணம், காதம் நகரம் என்ற பெயர் இவற்றுக்கெல்லாம் மூளை பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளருடையது. ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. 1974-ல் வசதியில்லாமலே இறந்துபோனார். பேத்தி அதீனா போராடி, 2015-ல்தான் அவர் பெயரும் சேர்ந்தது. 41 வருஷம் தாமதம்.

சூப்பர்மேன் கதை இன்னும் மோசம். உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் மொத்த உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே சீகல் பிற்பாடு பிழைப்புக்காக இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதிய தொடர் ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். லயன் காமிக்ஸில் வந்த 'ஸ்பைடர்'! கூர்க்காதும் ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியுமாக வந்தானே, அந்தக் குற்றச் சக்கரவர்த்தியேதான். 1984-க்கு அப்புறம் அவனைப் படித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு, சூப்பர்மேனின் அப்பா எழுதியதைத்தான் படிக்கிறோம் என்று தெரிந்திருக்கும்? அதற்கும் முன்னால், 1972 ஜனவரியில் சிவகாசி முத்து காமிக்ஸ் நமக்குக் கொடுத்த இரும்புக்கை மாயாவியும் 1962-ல் இங்கிலாந்தில் பிறந்தவர்தான். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. மாயாவியின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள் சிரிக்கிறார்கள். படைத்தவர்கள் பெயரைச் சொன்னால் முழிக்கிறார்கள்.

2007-ல் சுட்டி டி.வி. வந்த பிறகு ஜாக்கி சானும் மாமாவும் நம் வீட்டுக் கூடத்தில் அழகாகத் தமிழ் பேசினார்கள். அந்தத் தமிழுக்காகவே பார்த்த பெரியவர்கள் உண்டு. அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யார்? உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பக் கூத்துத் திடலுக்கே வருவோம். விடியப் போகிறது. செஞ்சிப் பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதி கோயில் என்கிறார்கள். பாரத யுத்தமெல்லாம் முடிந்த பிறகு, செஞ்சி ராஜாவுக்கு உதவ அம்மன் இரண்டாவது தடவை இங்கே தோன்றினாள் என்பது இந்தப் பக்கத்துக் கதை. வியாசர் முடித்த இடத்திலிருந்து நம் ஆட்கள் எழுதிய இரண்டாம் பாகம்! அவளுக்குக் காவலாகப் போத்துராஜா வருகிறார். முத்தால ராவுத்தர் என்று ஒரு முஸ்லிம் வீரரும் வருகிறார். பாரதத்தில் ராவுத்தரா என்று கேட்காதீர்கள். ஊரில் அவர் இருந்தார், அதனால் கதையிலும் இருக்கிறார். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இங்கே வந்து தங்கிப் பார்த்து, 1988-ல் பெரிய புத்தகமே எழுதினார்.

போத்துராஜாவையும் ராவுத்தரையும் கட்டியங்காரனையும் கதைக்குள் முதலில் கொண்டுவந்தவர் யார்? எந்த வாத்தியார், எந்த ஊர்த் திடலில், எந்த ராத்திரி? யாரும் குறித்து வைக்கவில்லை. ஹார்லி பிறந்த தேதி, கிழமை வரைக்கும் நமக்குத் தெரிகிறது. அவளுடைய அண்ணன் இங்கே எத்தனையோ தலைமுறையாக ஆடிக்கொண்டிருக்கிறான், அவன் ஜாதகம் கிடையாது.

ஆர்லீன் சார்க்கின் 2023 ஆகஸ்டில் காலமானபோது உலகமே அவர் பெயரைச் சொல்லி அஞ்சலி செலுத்தியது. அது ஒரு கலைஞருக்குக் கிடைக்க வேண்டிய நியாயமான மரியாதை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கூத்துப் பார்த்தால் விடிந்ததும் பஸ் பிடிக்க ஓடாதீர்கள். கோமாளித் தொப்பியைக் கழற்றிவிட்டு, முகத்து அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார் கட்டியங்காரன். பக்கத்தில் போய், ராத்திரி பூரா அவர் எல்லாரையும் கேட்ட அதே கேள்வியை, கொஞ்சம் மரியாதையாக, அவரிடம் கேளுங்கள்.

"ஐயா, நீங்க யாரு? எந்த ஊரு?"