கிழமைப் பொருளும் மைசூர் வகுப்பறையும்

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை 1969 ஜூலை 17 அன்று மைசூரில் தொடங்கிய இந்திய அரசு, மும்மொழித் திட்டத்துக்கு வேண்டிய ஆசிரியர்களை உருவாக்கும் பொருட்டு மறு ஆண்டே மண்டல மொழி மையங்களையும் அமைத்தது. அவற்றுள் மைசூரிலேயே இயங்கிய தென் மண்டல மையத்தில், பிற மாநிலங்கள் அனுப்பிய பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கித் திராவிட மொழிகளுள் ஒன்றைப் பயின்றனர்.

இந்தி பேசும் ஒருவர் அங்கே தமிழ் கற்கையில் தடுமாறக்கூடிய இடங்களுள் ஒன்று உடைமையை உணர்த்தும் தொடர். பணமோ பேனாவோ கைவசம் இருப்பதைச் சொல்லத் தமிழ் ‘என்னிடம்’ என்றும், இந்தி ‘மேரே பாஸ்’ என்றும், வகுப்பறைக்கு வெளியே மைசூர்க் கடைத்தெருவில் ஒலிக்கும் கன்னடம் ‘நன்ன ஹத்திர’ என்றும் இடப்பொருளையே நாடுவதால் அதில் சிக்கல் குறைவு. உறவைச் சொல்லும்போதோ இந்தி ‘என்னுடைய’ என்னும் பொருள்படும் வடிவத்தை ஆள, தமிழும் கன்னடமும் ‘எனக்கு’, ‘நனகெ’ என நான்காம் வேற்றுமைக்கு, அதாவது ‘கு’ உருபு ஏற்ற வடிவத்துக்கு, மாறிவிடுகின்றன. இத்தகைய பாகுபாடு தென்னாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐஸ்லாந்து மொழியிலும் உடன்பிறந்தாரைச் சொல்லும் வினை வேறு, கையோடு இருக்கும் பொருளைச் சொல்லும் தொடர் வேறு.

இந்த ‘எனக்கு’ நேற்று வந்ததன்று. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை, அதாவது உரிமைத் தொடர்பை, ‘சாத்தனது கை’ போலப் பிரிக்கவியலாத தற்கிழமை என்றும், ‘சாத்தனது தோட்டம்’ போலக் கைமாறக்கூடிய பிறிதின்கிழமை என்றும் தமிழ் இலக்கண மரபு பகுத்தது. அத்துடன் நில்லாத தொல்காப்பியம், உயர்திணைத் தொகையை விரிக்குமிடத்து ‘அது’ உருபு கெட்டுக் ‘கு’ வரும் என்று விதித்தது. ‘நம்பிமகன்’ என்பது ‘நம்பிக்கு மகன்’ என விரிவது அவ்வாறே. ‘அது’ அஃறிணை ஒருமையைச் சுட்டும் உருபாதலால் மகனோடு அது பொருந்தாது. இவ்விதி தொகைச் சொல்லைப் பற்றியதே ஆயினும், ‘எனக்கு ஒரு மகன் இருக்கிறான்’ என்னும் இன்றைய வழக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது.

நிறுவனம் 1979இல் வெளியிட்ட எஸ். ராஜாராமின் தமிழ்த் தீவிரப் பயிற்சி நூலோ, உரையாடலையும் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியையும் முன்வைத்துச் சென்றது. பழந்தமிழ் ஆய்வுக்கெனச் செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் மைசூரில் 2006இல் அமைந்தது. அம்மையமும் இரண்டே ஆண்டுகளில் சென்னைக்கு மாற்றப்பட்டது.