கப்பல் தட்டில் ஓர் இடம்

தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எங்கே உட்கார்ந்தால் தலை சுற்றாது என்பது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கடைசி வரிசையில் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் படும் பாட்டை முன்னால் இருப்பவர் படுவதில்லை. நேயர்களே, நம் முன்னோர் இதே கணக்கை ஏறக்குறைய ஒரு வாரக் கடற்பயணத்தில் போட வேண்டியிருந்தது.

1926ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்போம். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் நின்று, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வரும். ஆரம்பத்தில் 5000க்கும் மேற்பட்ட தட்டுப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறை சிலருக்குத்தான். மற்றவர்களுக்குக் கட்டிலும் இல்லை, இருக்கை எண்ணும் இல்லை. பாயை விரித்த இடமே அவரவர் இடம்.

அப்படியானால் எங்கே விரிப்பது? அலையில் கப்பலின் முன்முனை எழும்போது பின்முனை தாழும். நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. ஆகவே வாந்திக்குப் பயந்தவருக்கு நடுப்பகுதியே நல்லது. கீழ்த்தட்டில் ஆட்டம் இன்னும் குறைவு. ஆனால் காற்றில்லை, புழுக்கம் தாங்காது. மேலே போனால் காற்று உண்டு, மழையும் அலைத் துளியும் கூடவே வரும். கைப்பிள்ளைக்காரி எதைத் தேர்ந்தெடுப்பாள்?

நாகப்பட்டினத்தில் ஏறியவர்களுக்கு இன்னொரு தொல்லை. கப்பல் கரைக்கு வராமல் கடலில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதற்குள் சென்னைக்காரர்கள் நல்ல இடங்களில் பாயை விரித்திருப்பார்கள்! 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் செலவில் கூட்டமாக ஏற்றப்பட்ட தொழிலாளர்களுக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அரிது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் நம் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும் ஆள் சேர்ப்பு இவ்வாறே நடந்துகொண்டிருந்தது. 1938இல் இந்திய அரசு அதை நிறுத்தியது.

ரஜுலா 1973இல் ஓய்வு பெற்றது. பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அத்துடன் அந்தப் பயணமும் நின்றது. இவற்றில் வந்த முதியோர் இன்னும் சிலர் நம் லயங்களில் இருக்கிறார்கள். எந்தத் தட்டில், யார் பக்கத்தில் படுத்து வந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பழைய கணக்கு இங்கும் செல்லும்: இறக்கைக்கு நேரான வரிசைகளில் குலுக்கல் குறைவு, வால்பக்கம் அதிகம். கால் வீங்கும் பாட்டிக்கு ஜன்னலோரத்தைவிட நடைபாதையோரம் நல்லது. அவ்வப்போது எழுந்து நடக்கலாம். மலிவுக் கட்டண விமானங்கள் சிலவற்றில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பணம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் கணினி தரும் எண்தான். கணவன் ஒரு வரிசை, மனைவி வேறொரு வரிசை என்று அமர நேரிடலாம். ஒரே பாயில் வந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை.