குந்திமான்: பிலிப்பைன்ஸின் காதற்பாட்டு

குந்திமான், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் தகலாகு மொழி பேசும் மக்களிடையே வளர்ந்த காதற்பாட்டு வகை. மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் மெதுவாக நகரும். பெரும்பாலும் மைனரில் தொடங்கிப் பிற்பகுதியில் மேஜருக்கு மாறும். காதலை யாசிப்பவன் முதலில் தன் துயரைச் சொல்லி, பிறகு மெல்ல நம்பிக்கை கொள்வதை அந்த மாற்றமே உணர்த்திவிடும். இரவில் பெண் வீட்டுச் சன்னலடியில் கித்தாரோடு நின்று பாடும் ஹரானா இதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் ஹரானா பாட்டுகள் ஸ்பானிய வழி வந்த ஹபனேரா தாளத்தைத் தழுவியவை.

ஸ்பானிய ஆட்சியின் இறுதிக் காலத்தில் இப்பாட்டுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது. பாலிவாக் ஊர்ப் பெண்ணொருத்தியின் அழகைப் புகழும் 'ஹோசெலினாங் பாலிவாக்' 1896இல் வெடித்த புரட்சியின் போராளிகளிடையே பரவி, 'புரட்சியின் குந்திமான்' என்றே பெயர் பெற்றது. காதலியைப் பாடுவதுபோல் தாய்நாட்டைப் பாடும் இந்த வழக்கம்தான் தகலாகு காதற்பாட்டுக்குத் தனி வலிமை தந்தது.

நாடு அமெரிக்கர் கைக்கு மாறிய பின், முறையாக இசை பயின்ற இருவர் நாட்டார் வடிவத்தைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தினர். ஃபிரான்சிஸ்கோ சாந்தியாகோ 1917இல் 'அனாக் தாலிதா'வை இயற்றினார். அவரைவிட நான்கு வயது இளையவரான நிக்கனோர் அபெலார்டோ 'நசான் கா, இரோக்' (1923), 'முத்யா நங் பாசிக்' (1926) ஆகியவற்றைத் தந்தார். பியானோவைக் குரலுக்கு வெறும் துணையாக விடாமல் அதையும் பேசவைத்த அபெலார்டோவே இருவரில் பெரிய கலைஞர். 41 வயதில், 1934இல் மறைந்தது பேரிழப்பு. இப்பாட்டுகளை மக்களிடம் கொண்டுசேர்த்தது சர்சுவேலா என்னும் இசைநாடக மேடை. அதன் முடிசூடா அரசி அதாங் தெ லா ராமா. அவர் நடித்த 'தலாகாங் புக்கித்' நாடகத்தை ஹோசே நெபோமுசேனோ 1919இல் படமாக்கினார். பிலிப்பினோ ஒருவர் எடுத்த முதல் கதைப்படம் அது. ஊமைப்படமானதால், படம் ஓடும்போது அதாங் அரங்கிலேயே நேரில் பாடினார்.

குந்திமானின் உச்சம் 'பயான் கோ'. ஹோசே கொராசோன் தே ஹேசுஸ் 1929இல் தகலாகில் எழுதிய வரிகளுக்கு கொன்ஸ்தான்சியோ தே குஸ்மான் இசையமைத்தார். இதில் காதலியின் இடத்தில் நாடே நிற்கிறது. அதிபர் மார்கோஸின் இராணுவச் சட்டக் காலத்தில் இதைப் பொதுவில் பாடத் தடை இருந்தது. 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதும் மக்கள் அதைத் தெருவில் பாடினர். ஃப்ரெடி அகிலாரின் குரலில் அது நாடெங்கும் ஒலித்தது. 1986 பிப்ரவரியில் மார்கோஸை வீழ்த்திய மக்கள் எழுச்சியின் பாட்டும் அதுவே.

இதற்கிடையே திரைப்படமும் வானொலியும் காதற்பாட்டை எளிமையாக்கியிருந்தன. மைக் வெலார்தேயின் 'தாஹில் சா இயோ' 1938இல் திரைக்காக எழுதப்பட்டது. 1970களில் ஹாட்டாக் இசைக்குழு தகலாகையும் ஆங்கிலத்தையும் கலந்து 'மணிலா சவுண்ட்' பாணியைப் பரப்பியது. 1978இல் நடந்த முதல் மெட்ரோ மணிலா பாட்டுப் போட்டியில் ரயான் கயாப்யாபின் பாட்டு வென்றது. பரிசு பெறாத அகிலாரின் 'அனாக்' பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகைச் சுற்றியது. ரே வலேரா, ஜார்ஜ் கன்சேகோ போன்றோரின் மெல்லிசைப் பாட்டுகளில் குந்திமானின் ஏக்கம் தொடர்ந்தது. உள்நாட்டுப் படைப்புகளைக் குறிக்க 'ஓ.பி.எம்.' என்ற பெயரும் நிலைபெற்றது.

இசை ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் மணிக்குக் குறைந்தது நான்கு பிலிப்பினோ பாட்டுகளை ஒலிபரப்ப வேண்டும் என 1987இல் அதிபர் கொராசோன் அகினோ 255ஆம் எண் ஆணை பிறப்பித்தார். அமெரிக்கப் பாட்டுகள் நிறைந்திருந்த அலைவரிசையில் அது தேவையான காப்பு. அடுத்த தலைமுறையின் இரேசர்ஹெட்ஸ் குழு 1995இல் வெளியிட்ட 'அங் ஹுலிங் எல் பிம்போ', இளமைக் காதலையும் அதன் இழப்பையும் ராக் இசையில் சொன்னது. இன்று பென் அண்ட் பென் குழுவினரும் காதலைத் தகலாகில் பாடுகிறார்கள். இந்த இசைக்குப் புதியவர்கள் அபெலார்டோவின் 'நசான் கா, இரோக்'கை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு அவர்களிடம் வரவேண்டும்.