மருத்துவர் பொறுப்பும் அதன் விலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. உருண்டைக் கற்களின் மீது தெளிந்து ஓடும் ஆறே ஊருக்குப் பெயரைத் தந்தது. அதை அடுத்த காட்டில் காணிக்காரர் வாழ்கின்றனர். பொதிகை மலையின் இருபுறத்தும் பரவி, தமிழும் மலையாளமும் கலந்த மொழி பேசும் மக்கள் இவர்கள். இவர்களுள் ஒருவரான லட்சுமிக்குட்டி அம்மையார் நஞ்சுக்கடிக்கு மூலிகை வைத்தியம் அறிந்தவர் என்று புகழ் பெற்றவர். 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம், கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்புக் கூறிற்று. அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் இல்லாதார், வழிவழி வந்த அறிவு ஒன்றையே கொண்டு மருத்துவத் தொழில் நடத்தலாகாது என்பது அதன் சாரம். அவ்வழக்கு அம்மையாரைப் பற்றியதன்று. ஆயினும் ஒரே ஆண்டில் வந்த விருதும் தீர்ப்பும் நம்மைச் சற்றே நின்று எண்ணச் செய்கின்றன. மருந்து தவறினால் பொறுப்பு யாருடையது? காட்டூரில் வைத்தியரையும் நோயாளியையும் ஊரே அறியும். தவறு செய்தவர் மறுநாளும் அதே ஊரார் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். முன்பின் அறியாதார் முன்பின் அறியாதாரிடம் மருந்துண்ணும் நகரத்திலோ, அந்தப் பொறுப்பைப் பதிவேடும் சட்டமும் இன்ஷூரன்ஸுமே சுமக்க வேண்டியிருக்கிறது.

இக்கவலை புதியதன்று. உயிருக்கு ஆபத்தான நோய் என்பதை முன்கூட்டி அறிவிக்காமல் சிகிச்சை செய்து, நோயாளி இறந்துபட்டால் வைத்தியனுக்குத் தண்டம் உண்டு என்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதித்தது. மரணத்திற்கு வைத்தியனின் பிழையே காரணமாயின் தண்டம் அதனினும் மிகும்.

நம் காலத்துச் சட்டத்திற்கு அடிப்படை இட்ட வழக்கு 1953-இல் மராட்டியக் கடற்கரையில் தோன்றியது. கால் எலும்பு முறிந்த இளைஞன் ஒருவனைப் புனே நகருக்குக் கொண்டு சென்றனர். முறையான மயக்கமருந்து இன்றியே, ஆட்களைக் கொண்டு காலை வலிந்து இழுத்துக் கட்டுப் போட்டார் மருத்துவர்; இளைஞன் இறந்தான். தந்தை நீதிமன்றம் ஏறினார். அவரும் ஒரு மருத்துவரே என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். உச்ச நீதிமன்றம் 1968-இல் மூவாயிரம் ரூபாய் நஷ்டஈட்டை உறுதி செய்தது. நோயாளியை ஏற்பதா என்று முடிவு செய்வதிலும், இன்ன சிகிச்சை என்று தேர்வதிலும், அதனைச் செய்வதிலும் மருத்துவர் தக்க கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்றது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் வழக்காட எத்தனை ஏழைகளால் இயலும்?

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்போல் தோன்றிற்று. மருத்துவமும் அச்சட்டத்திற்குள் அடங்குமா என்ற பெரும் வழக்காடலில் திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் வழக்கும் முக்கியமானது. கேரள மாநில ஆணையத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அவ்வழக்கில், அடங்கும் என்று தேசிய ஆணையம் 1992-இல் கூறிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 1994-இல் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது: கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை சேவையே. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் அதற்குப் புறம்பாயின.

மருத்துவர் பலர் அஞ்சினர். அமெரிக்காவில் 1970-களில் இன்ஷூரன்ஸ் சந்தா பன்மடங்கு ஏறியதும், கலிபோர்னியா மாநிலம் 1975-இல் நஷ்டஈட்டின் ஒரு பகுதிக்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்ததும் அவர்கள் அறிந்தனவே. இங்கிலாந்து மருத்துவர்களோ 1885-லேயே தமக்கென ஒரு தற்காப்புச் சங்கம் அமைத்துக்கொண்டனர். நம் நாட்டிலும் தொழிற்பொறுப்புப் பாலிசி பரவலாயிற்று. அதில் சந்தா எல்லோருக்கும் ஒன்றன்று. மருந்து மட்டும் எழுதுபவருக்குக் குறைவு. கத்தி எடுப்பவருக்கு மிகுதி. பாலிசி பொதுவாக, சிகிச்சை நடந்த நாளில் அன்றி, உரிமை கோரப்படும் நாளில் நடப்பில் இருக்க வேண்டும். ஓராண்டு புதுப்பிக்கத் தவறினால் பழைய சிகிச்சைக்குரிய பாதுகாப்பும் போய்விடக்கூடும். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்து, உரிய கண் பரிசோதனை இன்றிப் பார்வை இழந்த பெண் குழந்தைக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய். அங்கே கொடுக்க அரசு இருந்தது. தனி மருத்துவர் ஒருவர்மீது அத்தகைய தீர்ப்பு வந்தால் பாலிசியின் வரம்பு அதற்குப் போதாதிருக்கலாம். சந்தா உயர உயர, அதில் ஒரு பங்கு நோயாளியின் பில்லிலும் வந்து சேரும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சிறைத் தண்டனை இன்ஷூரன்ஸில் அடங்காது. கவனக்குறைவு மிகக் கொடியதாக இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதை, கவனக்குறைவால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரையும், ஏனையோருக்கு ஐந்தாண்டு வரையும் சிறை விதிக்கிறது. பதிவில்லாத மலைநாட்டு வைத்தியர் இரண்டாம் வகையில்தான் நிற்பார். பதிவு பெற்றார்க்கென அமைந்த பாலிசியும் அவருக்கு எட்டாது. அவரிடம் மருந்துண்டு கெட்டவருக்கு நஷ்டஈடு தர அவரது குடிசையைத் தவிர வேறொன்றும் இராது. விருது அளித்தவர்கள் இதற்கும் ஒரு வழி வகுத்திருக்கலாம் என்பதே நம் எண்ணம்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. முன்பெல்லாம் மருத்துவமனை இருக்கும் மாவட்டத்திற்கே சென்று வழக்காட வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குத் தொடுப்பவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். சூரத்தில் வேலை பார்ப்பவர், ஊருக்கு வந்தபோது மதுரையில் பெற்ற சிகிச்சைக்குச் சூரத்திலேயே முறையிடலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டு ஆஸ்பத்திரியும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே என்று 2007-இல் தீர்ப்பாயிற்று. செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டாண்டு. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருவது மருத்துவரின் கடமை. ஊர் திரும்பும் அவசரத்தில் அவற்றைக் கேட்டு வாங்க மறந்துவிடலாகாது.